காணி யாருடையது? – 11: திரியாயின் வயலும் திணைக்களத்தின் எல்லைக்கல்லும்

சென்ற வாரம் மட்டக்களப்பில் அரசாங்க அதிபராக இருந்த சி. வி. பிறெயினோடு நிறுத்தியிருந்தோம். காணியில்லாத உழவருக்கு முடிக்குரிய காணியில் ஒரு துண்டைக் கொடுப்பது, அதை வட்டிக்காரரிடம் இழந்துவிடாதபடி விற்கவும் ஈடு வைக்கவும் தடை போடுவது என்று 1920களில் அவர் கிழக்கில் செய்து பார்த்த முறை, அவர் முதலாவது காணி ஆணையாளரான பிறகு நாடு முழுவதற்குமான சட்டத்துக்கு வழிவிட்டது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் அது. கிழக்கில் பெர்மிட் காணி என்று சொல்லும்போது பெரும்பாலும் இந்தச் சட்டத்தின் கீழ் வந்த காணியைத்தான் சொல்கிறோம். அந்தக் கடதாசியை வாங்கி வைத்திருந்த குடும்பங்களுக்கு யுத்தத்தின்போதும் பின்பும் என்ன நடந்தது என்பதைப் பார்க்க, அதே மாகாணத்தின் வடக்கு முனைக்குப் போக வேண்டும்.

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து புல்மோட்டை வீதியில் நிலாவெளியைத் தாண்டி, இறக்கக்கண்டி, சலப்பையாறு, புடவைக்கட்டு எனக் கடல் உள்நுழையும் இடங்கள் ஒவ்வொன்றையும் கடந்து போனால், குச்சவெளிக்கு அப்பால் திரியாய் வரும். கிழக்கே கடல். மேற்கே காடு. இரண்டுக்கும் நடுவே சிறு குளங்களும் அவற்றின் கீழ் வயல்களும். ஊரை அடுத்த குன்றின்மேல் கல்தூண்கள் வட்டமாகச் சூழ்ந்த பழைய பௌத்த தாதுகோபம் ஒன்று இருக்கிறது. சிங்களவர் கிரிஹண்டு சேய என்பர். அங்குள்ள பாறைக் கல்வெட்டு வடமொழியில், பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில், ஏறத்தாழ 7ஆம் 8ஆம் நூற்றாண்டுகளில் பொறிக்கப்பட்டது. திரபுசகர், வல்லிகர் எனும் வணிகர் குழுவினரை அது இந்தத் தலத்தோடு சேர்த்துச் சொல்கிறது. வங்கக் கடலின் இரு கரையாரும் வந்துபோன துறையொன்று அருகில் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. அந்தக் கல்வெட்டை எந்த ஓர் இனத்தின் காணி உறுதியாகவும் எவராலும் வாசிக்க முடியாது. இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

குன்று பழையது, குளமும் பழையது. இவற்றுக்கு அரசு உரிமை கொண்டாடத் தொடங்கியதோ மிக அண்மையில். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் ஒரே வாக்கியத்தில் அதைச் செய்து முடித்தது. காடு, தரிசு, குடியில்லாத நிலம், பயிரிடாத நிலம் எல்லாம் முடிக்குரியவை என்றே கொள்ளப்படும். இல்லை என்பவர் நிரூபிக்க வேண்டும். சில ஆண்டுகள் வெட்டி விதைத்துவிட்டுச் சில ஆண்டுகள் ஆறவிடும் சேனை நிலத்தையும், கண்டி இராச்சியத்துக்கு வெளியே இருந்த மாவட்டங்களில் காடு அல்லது தரிசு என்றே கணக்கில் எழுத அச்சட்டம் சொன்னது. திருகோணமலையும் அந்த வகைக்குள் வந்தது. மலைநாட்டில் இப்படிச் சேர்த்த நிலத்தைக் கோப்பித் தோட்டக்காரருக்கு ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு விற்றார்கள். வாங்கியவர்களில் ஆட்சியின் உயர் அதிகாரிகளும் இருந்தார்கள். கிழக்கின் உலர்ந்த காட்டுக்கு அப்படி வாங்குவோர் வரவில்லை. அதனால் நிலம் முடியின் பெயரிலும், அனுபவம் ஊராரின் கையிலுமாகப் பல தலைமுறை போயிற்று. 1897இல் தரிசு நிலச் சட்டம் வந்தது. அறிவித்தல் போட்டு, குறித்த தவணைக்குள் எவரும் உரிமை கோராவிட்டால் காணி முடிக்குச் சேரும் என்றது அது. 1931இன் காணி நிர்ணயச் சட்டம் அதன் வாரிசு. உரிமையை நிரூபிக்கும் பாரத்தை எப்போதும் உழுகிறவன் தலையில் வைப்பது இந்த மூன்றுக்கும் பொதுவான குணம்.

ஆனால் அதே ஆங்கில ஆட்சிதான் 1856இல் நெற்காணி நீர்ப்பாசனச் சட்டத்தைக் கொண்டுவந்து, குளத்தைப் பரிபாலிக்கும் ஊர் வழக்கங்களுக்குச் சட்ட மதிப்புக் கொடுத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆளுநர் ஹென்றி வார்ட் ஒன்றைக் கண்டுகொண்டிருந்தார்: குளக்கட்டையும் வாய்க்காலையும் கச்சேரியில் இருந்துகொண்டு காக்க முடியாது. அணைக்கட்டில் யார் யார் எத்தனை முழம் மண் போட வேண்டும், வாய்க்கால் எப்போது செருக்க வேண்டும், தண்ணீர் எந்த நாளில் திறக்க வேண்டும், வேலிக்கு யார் பொறுப்பு, கட்டாக்காலி மாடு வயலில் இறங்கினால் என்ன தண்டம் என்பவற்றை வயல்காரர்கள் கூடித் தீர்மானித்தார்கள். வட்ட விதானை அதை நடத்தி வைத்தார். இன்றும் பெரும்போகம் தொடங்குமுன் நடக்கும் போகக் கூட்டம் அந்த வழக்கத்தின் தொடர்ச்சி. மழை போதாத ஆண்டில், குளத்தில் உள்ள தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் தாங்கும் என்று கணக்குப் பார்த்து, மடைக்கு அண்மையில் உள்ள வயலை எல்லாருமாகப் பங்கிட்டு விதைக்கும் வழக்கம் உலர் வலயக் குளத்தூர்களில் இருந்திருக்கிறது. பொதுச்சொத்தைப் பேணுவதற்கு இதைவிடத் திருத்தமான ஏற்பாட்டை எந்தத் திணைக்களமும் இதுவரை செய்து காட்டவில்லை என்பது என் எண்ணம்.

இப்போது அந்தப் பெர்மிட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். காணிக் கச்சேரி கூடி, காணியில்லாதவர் யார், குடும்பத்தில் எத்தனை பேர், உழைக்கும் வலு உண்டா என்று விசாரித்துத் தெரிந்தெடுத்த பிறகு கொடுக்கும் பத்திரம் அது. பெயர், ஊர், விஸ்தீரணம் ஏக்கர், றூட், பேர்ச் கணக்கில். அதன் கீழே வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என நாலு எல்லை. எல்லைகளில் பக்கத்து வயல்காரரின் பெயர் இருக்கும், வாய்க்கால் இருக்கும், காட்டோரத் துண்டானால் ஒரு பக்கத்தில் முடிக்குரிய காடு என்று எழுதியிருக்கும். காடு எங்கே முடிந்தது, வயல் எங்கே தொடங்கியது என்பதை அரசே தன் கையால் எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்த சாட்சி அந்த ஒற்றை வரி. அதற்குக் கீழே நிபந்தனைகள்: ஆண்டுப் பணம் கட்ட வேண்டும், தொடர்ந்து பயிரிட வேண்டும், அனுமதியின்றிக் கைமாற்றக் கூடாது, துண்டாடக் கூடாது. பின்னுரித்தாளரை நியமிக்காமல் பெர்மிட்காரர் இறந்தால் பிள்ளைகளில் ஆண்களுக்கே முன்னுரிமை என்பதும் சட்டத்தில் இருந்தது. அதை மாற்றிப் பெண்பிள்ளைகளுக்கும் சம இடம் கொடுக்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. யுத்தம் எத்தனை வீடுகளைப் பெண்களின் பொறுப்பில் விட்டுப் போனது என்று தெரிந்தவர்களுக்கு இந்தத் தாமதத்தின் விலை விளங்கும்.

பிறெயின் நினைத்தது நல்லதுதான். வட்டிக்காரரிடமிருந்து உழவரைக் காப்பாற்றியது பெர்மிட். திணைக்களங்களிடமிருந்து காப்பாற்ற அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. வங்கிக் கடனுக்கும் அது உறுதிக் காணி போல் உதவவில்லை. நிலம் இருந்தும் முதல் இல்லாத விவசாயியை அது உண்டாக்கியது. தொடர்ந்து பயிரிட வேண்டும் என்ற அந்த நிபந்தனை, பயிரிட முடியாதபடி ஊரையே எரித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பதில் வைத்திருக்கவில்லை.

1985இல் அது நடந்தது. திருகோணமலை மாவட்டத்தின் தமிழ் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கப்பட்ட அந்த ஆண்டில் திரியாயும் எரிக்கப்பட்டது. ஆட்கள் கொல்லப்பட்டார்கள். எஞ்சியோர் பட்டினத்துக்கும் முகாம்களுக்கும், படகேறித் தமிழ்நாட்டுக்கும் போனார்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் என்று நினைத்துப் போனவர்களின் பிள்ளைகள் பலர் அகதி முகாமில் பிறந்து அங்கேயே பள்ளி முடித்தார்கள். குளக்கட்டில் மண் போட ஆளில்லை. வயலில் முதலில் புல் வந்தது, பிறகு நாயுண்ணி, ஈச்சை, விடத்தல் என்று பற்றை ஏறியது. இருபது வருட மழையில் அது காடாகவே தோற்றம் கொண்டது.

இதே 1985ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பைச் சொன்னது. நெவாடா மாநிலத்தில் க்ரெசன்ட் வேலி என்ற இடத்தில் மாடு வளர்த்து வந்த மேரி டான், கேரி டான் என்ற சகோதரிகளைப் பற்றியது வழக்கு. அவர்கள் மேற்கு ஷொஷோனி என்ற பூர்வகுடியினர். தங்கள் மக்கள் காலங்காலமாக வாழ்ந்த நிலம் அது. 1863இல் ரூபி வேலியில் செய்த ஒப்பந்தத்தில்கூட அதை எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை என்பது அவர்களின் வாதம். அது கூட்டாட்சி அரசின் நிலம், பெர்மிட் இல்லாமல் மாடு மேய்க்கிறார்கள் என்று 1974இல் அரசு அவர்கள்மீது வழக்குப் போட்டது. குடியேறிகள் படிப்படியாக உள்ளே வந்ததால் ஷொஷோனியரின் உரிமை அற்றுப்போயிற்று என்று ஓர் ஆணைக்குழு முன்பே முடிவு கட்டி, 1872ஆம் ஆண்டு விலைப்படி ஏறத்தாழ 2.6 கோடி டொலர் நட்டஈடு விதித்திருந்தது. ஷொஷோனியர் அதைத் தொட மறுத்தார்கள். அவர்கள் பெயரில் திறைசேரிக் கணக்கில் பணம் போடப்பட்டுவிட்டதால் கொடுத்ததாகவே கொள்ள வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2002இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணைக்குழு டான் சகோதரிகளின் உரிமை மீறப்பட்டது என்று சொன்ன அதே காலத்தில், அரசின் ஆட்கள் வந்து அவர்களின் மாடுகளையும் குதிரைகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

உலகின் மறுபக்கத்துக் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நெவாடாவின் நிலத்தில் ஏறத்தாழ 80 வீதம் கூட்டாட்சி அரசுக்குரியது. இலங்கையிலும் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அரச காணி என்பதே வழமையாகச் சொல்லப்படும் கணக்கு. இரண்டு இடத்திலும் அரசின் உரிமை ஒரே ஊகத்தில் நிற்கிறது: ஆள் இல்லாத நிலம் அரசுக்குரியது. ஆள் ஏன் இல்லாமற் போனார் என்று சட்டம் கேட்பதில்லை.

2002 போர்நிறுத்தத்தின் பின்னும், குறிப்பாக 2009க்குப் பின்னும், கிழக்குக்குத் திரும்பியவர்கள் இந்த ஊகத்தின்மேல்தான் வந்து முட்டினார்கள். இதற்கிடையே 2001இன் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை, ஒதுக்கப்படாத ஏனைய அரச காடுகளையும் வனத் திணைக்களத்தின் பொறுப்பில் விட்டிருந்தது. யுத்தம் முடிந்ததும் திணைக்களங்கள் வரைபடங்களோடு வந்து எல்லைக்கல் நட்டன. வானிலிருந்து எடுத்த படத்தில் விடத்தல் பற்றையும் காடு, முதிர்ந்த பாலை மரமும் காடு. பற்றைக்குள் வரம்பு இருக்கிறதா, கட்டின் தழும்பு தெரிகிறதா என்று காலால் நடந்து பார்த்தால் தெரிந்திருக்கும். 2020 நவம்பரில் இன்னொரு சுற்றறிக்கை அந்தக் காடுகளைத் திரும்பவும் பிரதேச செயலாளர்களிடம் கொடுத்தது. சூழலியலாளர்கள் அதை எதிர்த்தார்கள். காட்டைக் கண்டபடி பங்கிடுவார்கள் என்ற அவர்களின் பயம் நியாயமானது. யுத்தத்தால் பற்றை ஏறிய வயல் எது, உண்மையான காடு எது என்று ஊராரோடு சேர்ந்து பிரித்துப் பார்க்கும் வேலையை இரண்டு சுற்றறிக்கையும் செய்யவில்லை. அதைச் செய்திருந்தால் காடும் மிஞ்சும், வயலும் மிஞ்சும்.

வனத்துக்கு அடுத்ததாகத் தொல்பொருள். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்துக்கென்று தொல்பொருள் மரபுரிமை பற்றிய ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர் அப்போதைய பாதுகாப்புச் செயலாளர் கமல் குணரத்ன. மூவினத்தவரும் வாழும் மாகாணத்துக்கான அந்தச் செயலணி அமைக்கப்பட்டபோது அதில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. திரியாய்க் குன்றைச் சுற்றியுள்ள வயல்களுக்குத் தொல்பொருளின் பெயரிலும் விகாரையின் பெயரிலும் உரிமை கோரப்பட்டதும், உழப்போனவர்கள் தடுக்கப்பட்டதும் அதன் பின்னான ஆண்டுகளில் திரும்பத் திரும்பச் செய்தியாயின. குன்றின்மேலுள்ள தாதுகோபத்தைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. இந்தத் தீவின் அருமையான கல்வெட்டுகளில் ஒன்று அங்கே இருக்கிறது. அந்தத் தலம் நெடுங்காலம் விளைவயல் நடுவேதான் இருந்து வந்திருக்கிறது. பக்கத்து வயலை உழவிடாமல் தடுப்பதால் ஒரு கல்லும் காப்பாற்றப்படப் போவதில்லை.

இதே காலத்தில் நாட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். அந்தப் பெரும்போகத்தின் நெல் விளைச்சல் பெரிதும் சரிந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. உலக வங்கியின் கணிப்புப்படி 2021இல் 13 வீதமாக இருந்த வறுமை அடுத்த ஆண்டில் 25 வீதமாயிற்று. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நாட்கள். 2022 ஜூனில், வீட்டில் பயிர் செய்யட்டும் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. கொழும்பில் பூந்தொட்டியில் மிளகாய் நட விடுமுறை; திரியாயில் விளைந்த வயலில் கால் வைக்கத் தடை. ஒரே அரசு, ஒரே காலம். எனக்கு இதை நினைக்கும் போதெல்லாம் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை மறைத்து எழுத நான் விரும்பவில்லை.

அரச நிலத்தை அரசு வைத்திருப்பதே தவறு என்று வாதிடுவோரும் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. காடும் களப்பும் கடற்கரையும் விலைக்குப் போனால் ஏழைக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. வைத்திருக்கிற அரசு, அந்த நிலத்தின் ஓரத்தில் வாழ்கிறவனுக்கு என்ன கொடுக்கிறது என்பதுதான் என் கேள்வி. இங்கேயும் அமெரிக்காவிடம் பார்க்க ஒன்று உண்டு. தேசிய வனங்களில் வரும் வருமானத்தில் 25 வீதத்தை, அவை அமைந்துள்ள கவுண்டிகளின் பாடசாலைகளுக்கும் வீதிகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று 1908இல் அங்கே சட்டம் வந்தது. அரச வனத்துக்கு உள்ளூர் வரி விதிக்க முடியாது. அதற்கு ஈடாக இந்தப் பங்கு. 1990இல் புள்ளி ஆந்தை ஒன்று அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலிடப்பட்டு, மரம் வெட்டுவது குறைந்தபோது ஒரிகன் மாநிலத்துக் கவுண்டிகளின் வருமானம் விழுந்தது. அந்தக் குழியை நிரப்ப 2000ஆம் ஆண்டில் இன்னொரு சட்டம் போட்டு மானியம் கொடுத்தார்கள். அந்த மானியம் தடைப்பட்ட 2007இல் ஜாக்சன் கவுண்டி தன் 15 நூலகங்களையும் பல மாதம் மூடிவைத்தது. ஆக, அந்த ஏற்பாட்டிலும் ஓட்டை உண்டு; அதற்கும் முன்னால் அந்த நிலம் பூர்வகுடிகளிடமிருந்து எடுத்தது என்பதும் உண்டு. ஆனாலும், காட்டின் பக்கத்தில் இருக்கும் ஊருக்குக் காட்டில் ஒரு பங்கு சேர வேண்டும் என்ற நியாயம் அங்கே சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

திரியாய்க்கு வடக்கே புல்மோட்டைக் கரையில் 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் தொடங்கியது. இல்மனைட்டும் ரூட்டைலும் சிர்க்கோனும் அங்கிருந்து கப்பலேறின. இத்தனை வீதம் இந்தப் பிரதேசத்தின் பள்ளிக்கும் குளத்துக்கும் என்று அந்த 1908 சட்டத்தைப் போன்ற பங்குமுறை எதுவும் இங்கே இல்லை. பதின்மூன்றாம் திருத்தத்தின்படி காணி மாகாண சபையின் விடயம். அரச காணியைப் பற்றிய கொள்கையை வகுக்கத் தேசிய காணி ஆணைக்குழு ஒன்று அமைய வேண்டும். 1987 முதல் இன்றுவரை அது அமையவில்லை. கிழக்கு மாகாண சபைக்கோ 2017க்குப் பிறகு தேர்தலே இல்லை.

பழைய சட்டங்கள் பழங்கதையாகிவிடவும் இல்லை. 2025 மார்ச்சில், அந்த 1931ஆம் ஆண்டுக் காணி நிர்ணயச் சட்டத்தின் கீழ், வட மாகாணத்தின் நான்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணிக்கு வர்த்தமானி அறிவித்தல் வந்தது. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் காணி அரசுக்கு. கோர வேண்டியவர்களில் பலர் இடம்பெயர்ந்தவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், யுத்தத்தில் உறுதியைத் தொலைத்தவர்கள். எதிர்ப்பும் வழக்கும் எழுந்த பிறகு அரசு அதை மீளப்பெற்றது. சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. நாளை அது கிழக்குக்கும் வரலாம்.

என் தீர்ப்பு இது. ஆயுதம் காட்டி ஆளை எழுப்பிய நிலத்தை ஆளில்லாத நிலம் என்று எந்தத் திணைக்களமும் எழுதக் கூடாது. 1985க்கு முந்திய பெர்மிட்டில் வயல் என்று அரசு எழுதியது வயல்தான். அதில் இருபது வருடம் முளைத்த பற்றை அந்த எழுத்தை அழிக்காது. இலங்கை 2016இல், யுத்தகாலத்தில் கைவிட்டுப்போன தனியார் காணிக்கு ஆட்சியுரிமைக் காலம் கணக்கிடப்படாமலிருக்கத் தனிச்சட்டம் போட்டது. பெர்மிட் காணிக்கும் அப்படியொரு சட்டம் வேண்டும். அதைப் பாராளுமன்றத்தில் கேட்க வேண்டியவர்கள் திருகோணமலை வாக்காளர் அனுப்பிய உறுப்பினர்கள்.

அதுவரை நாம் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. திரியாய், கும்புறுப்பிட்டி, குச்சவெளி, தென்னமரவாடி ஊராரே, தமிழ்நாட்டு முகாம்களிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர்களே: உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய பெர்மிட், ஆண்டுப் பணம் கட்டிய பற்றுச்சீட்டு, நில அளவைப் படம், போகக் கூட்டக் குறிப்பு எது இருந்தாலும் எடுத்துப் படம் பிடியுங்கள். ஒரு படி உங்களிடமும், ஒன்று ஊரின் கமக்காரர் அமைப்பிடமும், ஒன்று பிரதேச செயலகத்தில் பதிவுக் கடிதத்தோடும் இருக்கட்டும். பெர்மிட் தொலைந்தவர்கள் காணிப் பதிவேட்டுப் பிரதியை எழுத்தில் கேளுங்கள்; 2016இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி பதில் தர வேண்டியது அவர்கள் கடமை. எல்லை தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே, இந்தப் பெரும்போகத்துக்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

அடுத்த வாரம்: தென்னமரவாடியும் மணலாறும்.